பெண்களுக்குக் கொட்டு ஆகாதாம்!

பெண்கள் பாடலாம், ஆடலாம், வீணை வாசிக்கலாம். ஆனால் கொட்டு மாத்திரம் அடிக்கக் கூடாது என்பதாக ஒரு சட்டம் நம் நாட்டில் எழுதப்படாமலே நடந்து வருகின்றது. இந்தச் சட்டத்தை எந்தச் சட்டசபையும் இயற்றவில்லை; எந்தக் கோர்ட்டும் தீர்ப்புச் செய்யவில்லை. அப்படியிருந்தும், சர்க்கார் போடுகின்ற சட்டத்தை மீறி ஜெயிலுக்குப் போகத் துணிகின்ற தைரியசாலிகள்கூட இந்தச் சட்டத்தை மீறப் பயப்படுகின்றார்கள். சென்ற மாதம் நமக்கு வேண்டிய ஒரு நண்பர் வீட்டில் நடந்த காரியமே இதை எழுதும்படி நம்மைச் செய்தது.

அந்த நண்பர் பொள்ளாச்சிப் பக்கத்துக் கிராமவாசி. நமது கூட்டங்களுக்குத் தவறாமல் வருகின்றவர். ஜோசியனை வாசற்படி ஏற விடாதவர். அவருடைய மகள் கோயமுத்தூரில் இஞ்சினீயரிங் படித்தவள். காலேஜில் மாணவர்கள் சேர்ந்து நடத்திய ஒரு ராக் இசைக் குழுவில் டிரம்ஸ் வாசித்தவள். அந்த வாசிப்பைச் செல்போனில் போட்டு, "பாருங்கண்ணா எம்பொண்ண" என்று நம்மிடமே பெருமையோடு காட்டியவர் அவர். அப்பேர்ப்பட்ட பெண்ணுக்கு ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளை வீட்டாரும் அந்தப் படத்தைப் பார்த்தார்கள். "பொண்ணு நல்ல பொண்ணுதானுங்க. ஆனா பொம்பளப்புள்ள கொட்டடிக்கறது நம்ம பக்கம் வழக்கமில்லீங்களே" என்றார்கள். அவ்வளவுதான். மறுவாரம் அந்த டிரம்ஸ் பாதி விலைக்கு விற்கப்பட்டு வண்டியேறி விட்டது.

நாம் நேரில் போய், "ஏனுங்க தம்பி, நீங்களே இப்படிச் செய்யலாமா?" என்று கேட்டோம். "என்னங்கண்ணா பண்றது? மேடையில பேசறது வேற, பொண்ணக் கட்டிக் குடுக்கறது வேறங்கண்ணா. ஊர் வாய மூட முடியுங்களா?" என்றார். அந்தப் பெண் அப்போது வெளியே வந்து, "பெரியப்பா, நான் திருடினேனுங்களா? பொய் சொன்னேனுங்களா? எதுக்குங்க எடுத்துட்டுப் போனாங்க?" என்று கேட்டாள். தகப்பனாரும் பதில் சொல்லவில்லை. நாமும் பதில் சொல்லவில்லை. ஆகவே, அந்தக் கேள்வியை இப்போது இந்த வழக்கத்தைக் கட்டிக் காக்கின்றவர்களிடமே கேட்கின்றோம். அவர்கள் சொல்லும் காரணங்கள் என்ன? அவைகளின் யோக்கியதை என்ன?

முதலாவது காரணம் தீட்டு. கொட்டு என்பது தோல். தோல் என்பது செத்த மாட்டின் உடம்பு. அதைத் தொடுவது இழிவு. பெண்ணோ மாதத்தில் மூன்று நாள் தானே தீட்டாய் இருப்பவள். எனவே தீட்டும் தீட்டும் சேரக் கூடாதாம்! இது என்ன கணக்கு என்று நமக்கு விளங்கவில்லை. அழுக்கும் அழுக்கும் சேர்ந்தால் எது கெட்டுப் போகும்?

அதிருக்கட்டும். மிருதங்கம் எதனால் ஆனது? மாட்டுத்தோல், ஆட்டுத்தோல், எருமைத்தோல் ஆகிய மூன்றும் அதில் இருக்கின்றன. கோமாதா, கோபூஜை என்று பேசுகின்ற மகா வைதீகர்கள், அந்தக் கோமாதாவின் தோலை மடியில் வைத்து விரலால் தட்டி, 'நாத பிரம்மம்' என்று கண்ணை மூடிக் கொள்ளுகின்றார்கள். அந்தத் தோலை வாங்கி, மயிர் நீக்கி, காய வைத்து, வாரிழுத்துக் கட்டி, சுருதி சேர்த்துக் கொடுக்கின்றவர்கள் யார்? அவர்களில் பெரும்பாலோர் தாழ்த்தப்பட்டவர்கள் என்று சொல்லப்படுகின்ற வகுப்பார், பலர் கிறிஸ்தவர்கள். அவர்களைப் பற்றிச் சங்கீத வித்துவான் டி.எம். கிருஷ்ணா ஒரு புத்தகம் எழுதி 2020-ல் வெளியிட வந்தபோது, அதன் வெளியீட்டு விழாவுக்குக் கொடுத்திருந்த இடத்தைச் சென்னைக் கலாக்ஷேத்திரம் திருப்பி வாங்கிக் கொண்டது. விழா வேறு இடத்தில் நடந்தது. தோல் மேடைக்கு வரலாம். தோல் செய்தவனுடைய கதை வாசற்படிக்கு வரக் கூடாது! தவிலின் தோல் கோயிலுக்குள் போய் சாமிக்கு முன்னால் முழங்கலாம். அந்தத் தோலைப் பதப்படுத்தினவன் வெளியே நிற்க வேண்டும்! ஆகவே இவர்களுடைய தீட்டு தோலில் இல்லை. தொடுகின்ற ஆளைப் பார்த்து வருகின்ற தீட்டு இது. உயர்ந்த ஜாதி ஆண் தொட்டால் அது கலை; தாழ்ந்த ஜாதியான் தொட்டால் அது தொழில்; பெண் தொட்டால் அது தோஷம்.

இன்னொரு வேடிக்கையையும் பாருங்கள். ஒரிசாவில் கோனாரக் சூரியன் கோயில் என்று 13-ம் நூற்றாண்டில் கட்டிய ஒரு கோயில் இருக்கின்றது. அதன் மண்டபக் கூரையின்மேல் ஆளுயரத்துக்கும் மேற்பட்ட பெண் சிலைகள் வரிசையாக நிற்கின்றன. ஒருத்தி தாளம் தட்டுகின்றாள். ஒருத்தி கழுத்தில் மாட்டிய மத்தளத்தைக் கொட்டுகின்றாள். கல்லால் செய்த பெண் எழுநூறு வருஷத்துக்கு மேலாகக் கோயில் உச்சியில் நின்று கொட்டினால் அது சிற்பம், அது புண்ணியம். உயிருள்ள பெண் கொட்டினால் மாத்திரம் ஊர் கெட்டுப் போகுமாம்!

உயிருள்ள பெண்ணும் கொட்டத்தான் செய்திருக்கின்றாள். புதுக்கோட்டையை அடுத்த திருக்கோகர்ணத்தில் 1910-ல் பிறந்தவர் ரங்கநாயகி அம்மாள். மிருதங்கத்தில் பெரும் பெயரெடுத்த புதுக்கோட்டை தட்சிணாமூர்த்தி பிள்ளையிடம் பயின்று, ஆண்கள் மாத்திரமே உட்கார்ந்திருந்த இடத்தில் மிருதங்கத்தோடு உட்கார்ந்தவர். 1998 வரையில் வாழ்ந்தவர். அவருடைய கை வாசித்ததால் எந்த ஊரில் மழை நின்று போயிற்று? எந்த வீட்டில் இழவு விழுந்தது? ஆனால் ஒன்று நடந்தது. வாய்ப்பாட்டுக்காரிகளின் பெயர்களைப் பத்து இருபது என்று அடுக்குகின்ற சங்கீத ரசிகர்களில், இந்த அம்மாளின் பெயரைச் சொல்லுகின்றவர்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. தடுக்க முடியாததை மறந்து விடுவது என்பதும் ஒரு சூழ்ச்சிதான்.

நிற்க. தோல்தான் தீட்டு என்றால், மண்ணால் செய்த கொட்டுக்கு என்ன ஆட்சேபனை? கடம் என்பது வெறும் மண் பானை. அதில் மாடும் இல்லை, ஆடும் இல்லை. ஆகவே அதைப் பெண்கள் வாசிக்க வைதீகர்கள் சந்தோஷமாய்ச் சம்மதித்திருக்க வேண்டுமல்லவா? சம்மதித்தார்களா என்று பார்ப்போம்.

மாயவரத்தில் 1957-ல் பிறந்த சுகன்யா ராம்கோபால் என்ற அம்மையார், சென்னையில் ஹரிஹர சர்மா நடத்திய தாள வாத்தியப் பள்ளிக்கூடத்துக்குப் பிடில் கற்கப் போனார். பக்கத்தில் நடந்த மிருதங்கப் பாடம் அவர் மனதை இழுத்தது. பிறகு கடத்தின்மேல் ஆசை வந்தது. உலகப் பிரசித்தி பெற்ற கட வித்துவான் விநாயக்ராம் அவர்களே, பெண்ணின் விரல்களுக்கு இது கஷ்டம் என்று முதலில் தயங்கினார். அவருடைய தகப்பனாரான ஹரிஹர சர்மாவோ, "நான் கற்றுக் கொடுக்கின்றேன்" என்று முன்வந்து கற்றுக் கொடுத்தார். அம்மையாரும் கற்றுத் தேர்ந்தார். அதன் பிறகு என்ன? ஒரு பெண் பக்கத்தில் உட்கார்ந்து கடம் வாசித்தால் தங்களுடைய மிருதங்கத்துக்குக் கௌரவக் குறைவு என்று வித்துவான்கள் சிலர் மேடையில் உட்கார மறுத்தார்கள். மறுத்தவர்கள் ஒதுக்கப்படவில்லை, அம்மையாரே ஒதுக்கப்பட்டார். இதையெல்லாம் அவரே பலமுறை சொல்லியிருக்கின்றார். முன் காலத்தில் பெயர் பெற்ற மிருதங்கக்காரர்களில் சிலர், பாடுகின்றவள் பெண்ணாயிருந்தால் அவளுக்குப் பக்கவாத்தியமே வாசிப்பதில்லை என்று வெகு காலம் விரதம் பிடித்ததையும் இதோடு சேர்த்துப் பாருங்கள்.

அந்த அம்மையார் அழுது கொண்டு வீட்டுக்குப் போகவில்லை. பல சுருதிகளில் செய்த கடங்களைச் சுற்றி வைத்துக் கொண்டு ராகமே வாசித்துக் காட்டும் 'கட தரங்கம்' என்ற முறையை உண்டாக்கினார். 1995-ல் பெண்களை மாத்திரம் சேர்த்துத் தாள வாத்தியத்தை முன்னிறுத்தும் 'ஸ்திரீ தாள் தரங்' என்ற குழுவை ஆரம்பித்தார். கடத்துக்காக 2014-ம் வருஷத்துச் சங்கீத நாடக அகாடமி விருது பெற்றார். அந்த வாத்தியத்துக்காக அதைப் பெற்ற முதல் பெண் அவர்தான்.

இதில் இன்னும் கேளுங்கள். அந்தக் கடம் எங்கே செய்யப்படுகின்றது? மானாமதுரையில். அங்கே கடம் செய்வதில் கைதேர்ந்தவர் மீனாட்சி அம்மாள் என்ற ஒரு பெண். அந்த வேலைக்காகவே சங்கீத நாடக அகாடமியின் விருது பெற்றவர். பச்சை மண் பானையின் உள்ளே கல்லையும் வெளியே மரப்பலகையையும் வைத்து, ஆயிரக்கணக்கான அடிகள் அடித்தடித்து அந்தக் கனத்தையும் நாதத்தையும் ஏற்றுவது அந்த வேலை. பெண் கை நாளெல்லாம் அடித்து அடித்துக் கடத்தை உண்டாக்கலாம். அப்போது கை நோகாது. அதே கடத்தை மேடையில் உட்கார்ந்து அரை மணி நேரம் தட்டினால் மாத்திரம் கை நோகும்! இது யோக்கியமான வாதமா? கூலிக்கு அடிக்கலாம், புகழுக்கு அடிக்கக் கூடாது என்று நேராகச் சொல்லி விட்டால் நாமாவது புரிந்து கொள்ளுவோம்.

சரி, தோலும் வேண்டாம், மண்ணும் வேண்டாம். நம் நண்பர் மகள் வாசித்த டிரம்ஸுக்கு வருவோம். அதன் முகத்தில் இருப்பது தோலல்ல. 1957-ல் அமெரிக்காவில் ரெமோ என்ற கம்பெனி ஆரம்பித்து, பாலியெஸ்டர் என்ற பிளாஸ்டிக் தகட்டால் கொட்டு முகம் செய்து விற்க ஆரம்பித்த பிறகு, டிரம்ஸுக்குத் தோல் போடுவது அநேகமாய் நின்று விட்டது. ஆகவே தீட்டுக்கு வழியே இல்லை. பிளாஸ்டிக் குடத்தில் தண்ணீர் குடிக்கின்றவர்கள் பிளாஸ்டிக் கொட்டில் என்ன தோஷம் கண்டார்கள்?

உடனே வருகின்றது இரண்டாவது காரணம்: "பெண்ணுக்கு அவ்வளவு வலு ஏது? கையும் காலும் சேர்ந்து வேலை செய்ய வேண்டுமே! கர்ப்பப்பைக்குக் கெடுதலாச்சே!" என்கின்றார்கள். டிரம்ஸ் எப்படி வாசிக்கப்படுகின்றது என்று தெரியாதவர்கள் பேசுகின்ற பேச்சு இது. வலது கால் ஒரு மிதியை மிதித்துப் பெரிய கொட்டை முழக்குகின்றது. இடது கால் இன்னொரு மிதியால் இரண்டு வெண்கலத் தட்டுகளைச் சேர்த்துப் பிரிக்கின்றது. இரண்டு கைகளும் குச்சி பிடித்து மற்றக் கொட்டுகளைத் தட்டுகின்றன. குச்சி விழுந்த வேகத்தில் கொட்டு முகமே அதை மேலே திருப்பி எறிகின்றது. அந்த எழும்பலைப் பிடித்துக் கொள்ளத் தெரிந்தவன்தான் வித்துவான். மாங்கு மாங்கென்று அடிக்கின்றவன் ஐந்து நிமிஷத்தில் களைத்துப் போவான். இதில் வேண்டியது சாமர்த்தியமும் பழக்கமுமே தவிர பயில்வான் பலமல்ல.

நாலு கை கால்களும் நாலு வேலை செய்வது கொங்கு நாட்டுப் பெண்ணுக்குப் புதிதா? சென்னிமலைக்குப் போய்க் கைத்தறிக் குழியை எட்டிப் பாருங்கள். இரண்டு கால்களும் மிதிக்கட்டையில் மாறி மாறி மிதிக்க, ஒரு கை நாடாவின் கயிற்றை இழுக்க, மறு கை பலகையை அடிக்க, ஒரு தாளம் தவறாமல் காலை முதல் மாலை வரை பெண்கள் நெய்கின்றார்களா இல்லையா? ஒரு தாளம் தப்பினால் இழை அறும். உலக்கை பிடித்து இரண்டு பெண்கள் மாறி மாறிக் குத்தும்போது ஒன்றோடொன்று மோதாமல் குத்தினார்களே, அது தாளமல்லாமல் வேறென்ன? கோயமுத்தூர் ஸ்பின்னிங் மில்லிலும் திருப்பூர் பனியன் கம்பெனியிலும் சோமனூர் விசைத்தறியிலும் மணிக் கணக்கில் நின்று வேலை செய்கின்ற பெண்களின் கர்ப்பப்பையைப் பற்றி இந்தத் தர்மவான்கள் ஒரு நாளாவது கவலைப்பட்டதுண்டா? கூலி வேலையில் கெடாத கர்ப்பப்பை கொட்டு வேலையில் கெடுமென்றால், அந்தக் கர்ப்பப்பைக்குத் தர்ம சாஸ்திரம் வெகு நன்றாய்த் தெரியும் போலிருக்கின்றது!

"இதெல்லாம் நம் நாட்டு மூடத்தனம், வெள்ளைக்காரன் நாட்டில் இப்படியில்லை" என்று சிலர் நினைக்கலாம். அதுவும் தப்பு. ஆணின் அகம்பாவத்துக்குக் கறுப்பு வெள்ளை நிறமில்லை. அமெரிக்காவில் வயோலா ஸ்மித் என்று ஒரு டிரம்ஸ்காரி இருந்தார். 1912-ல் பிறந்தவர். 1942-ல், யுத்தத்துக்கு ஆண்கள் போய் விட்டதால் இசைக் குழுக்களில் இடங்கள் காலியாய்க் கிடந்தபோது, அந்த இடங்களைப் பெண்களுக்குக் கொடுங்கள் என்று ஒரு சங்கீதப் பத்திரிகையில் எழுதினார். எத்தனை கேவலமான நிலைமை பாருங்கள்! ஆண்கள் சண்டைக்குப் போனால்தான் பெண் கொட்டுக்கு இடம் கேட்கவே முடிந்தது. அந்த அம்மாள் 107 வயது வரை இருந்து 2020-ல் இறந்தார். கொட்டடித்தால் பெண் உடம்பு கெடும் என்கின்றவர்கள் இந்த வயதைக் குறித்துக் கொள்ளட்டும்.

அவருக்கு அரை நூற்றாண்டுக்குப் பிறகாவது நிலைமை மாறிற்றா? 1990-களில் பெரிய கம்பெனிகளின் பகட்டுப் பாட்டுக்கு மாற்று என்று சொல்லிக் கொண்டு 'ஆல்டர்னேட்டிவ் ராக்' என்ற இசை அமெரிக்காவில் கொடி கட்டிப் பறந்தது. அதில் 'ஹோல்' என்ற குழுவில் 1992-ல் டிரம்ஸுக்குச் சேர்ந்தவர் பாட்டி ஷெமல் என்ற பெண். அவர் வாசித்து 1994-ல் வந்த இசைத்தட்டு உலகமெங்கும் பேர் வாங்கிற்று. அடுத்து 1998-ல் வந்த தட்டுக்கு என்ன நடந்தது? ஒலிப்பதிவுக் கூடத்தில் அவரை வாசிக்க வைத்து அலுக்கச் செய்து, கடைசியில் "இது போதாது" என்று ஒதுக்கி விட்டு, கூலிக்கு ஒரு ஆணைக் கொண்டு வந்து வாசிக்கச் சொன்னார்கள். ஆனால் தட்டின் உறையில் அச்சடித்த படம் அந்தப் பெண்ணினுடையது! குழுவில் பெண் இருக்கின்றாள் என்ற கவர்ச்சி வேண்டும். அவள் கை மாத்திரம் வேண்டாம். அவர் குழுவை விட்டுப் போனார். போதை மருந்தில் விழுந்தார். வீடு வாசலின்றித் தெருவில் கிடந்தார். பிறகு அதிலிருந்து எழுந்து மறுபடியும் குச்சியைப் பிடித்தார்; சிறு பெண்களுக்கு டிரம்ஸ் சொல்லிக் கொடுத்தார். அவருடைய கதை 2011-ல் சினிமாப் படமாகவும், 2017-ல் அவரே எழுதிய புத்தகமாகவும் வந்தது. போதை மருந்து கெட்டது என்பதில் நமக்குச் சந்தேகமில்லை. அது அதற்கு முன்பே அந்தக் குழுக்களில் பரவியிருந்தது என்பதும் உண்மை. ஆனால் ஒரு தொழிலாளியின் கையிலிருந்து தொழிலைப் பிடுங்கினால் அவன் என்ன ஆவான் என்பது மில் ஊர்க்காரர்களான உங்களுக்கு நாம் சொல்லித்தானா தெரிய வேண்டும்?

அதே வகை இசையில் டெட்ராய்ட் நகரத்தில் 1997-ல் இரண்டே பேர் சேர்ந்து 'ஒயிட் ஸ்டிரைப்ஸ்' என்ற குழுவை ஆரம்பித்தார்கள். டிரம்ஸ் வாசித்தவர் மெக் ஒயிட் என்ற பெண். "குழந்தை தட்டுவது போல் தட்டுகின்றாள்" என்று கெட்டிக்காரர்கள் பரிகாசம் செய்தார்கள். அவர் தட்டிய தட்டுக்கு 2003-ல் வந்த ஒரு பாட்டின் மெட்டை இன்று உலகத்துக் கால்பந்து மைதானங்களில் பதினாயிரக்கணக்கான ஜனங்கள் சேர்ந்து முழங்குகின்றார்கள். குழு 2011-ல் கலைந்து விட்டது. அப்படியிருந்தும் 2023-ல்கூட ஒருவர் அவர் வாசிப்பைக் கேவலமாய் எழுத, அதன்பேரில் பெரிய சச்சரவு நடந்தது. 2025-ல் அந்தக் குழுவுக்கு ராக் இசைக்காரர்களின் புகழ் மண்டபத்தில் இடம் கொடுத்தார்கள். எளிமையாய் வாசிக்கின்ற ஆணுக்கு 'அடக்கம்' என்று பட்டம். எளிமையாய் வாசிக்கின்ற பெண்ணுக்கு 'தெரியாது' என்று பட்டம்.

நம் இந்தியாவுக்கே திரும்பி வருவோம். காஷ்மீரத்தில் பத்தாவது வகுப்புப் படித்த மூன்று பெண்கள் 'பிரகாஷ்' என்று ஒரு ராக் குழு வைத்தார்கள். ஒருத்தி பாட்டு, ஒருத்தி கிதார், ஒருத்தி டிரம்ஸ். 2012 டிசம்பரில் ஸ்ரீநகரில் நடந்த போட்டியில் வாசித்துப் பரிசும் வாங்கினார்கள். வசவும் மிரட்டலும் மழை போல் வந்தன. 2013 பிப்ரவரியில் அங்கிருந்த பெரிய முப்தி, இது மதத்துக்கு விரோதம் என்று பத்வா கொடுத்தார். முதல் மந்திரி அந்தப் பெண்கள் பக்கம் பேசினார். ஆனால் என்ன பிரயோஜனம்? அந்தக் குழந்தைகள் குழுவையே கலைத்து விட்டார்கள். இதைக் கேட்டு, "பார்த்தீர்களா அவர்கள் மதத்தை!" என்று குதூகலப்படுகின்ற நம்மூர் வைதீகருக்கு ஒரு வார்த்தை. அங்கே முப்தி கடிதம் எழுதி நிறுத்தினார். பொள்ளாச்சிப் பக்கத்தில் ஒரு கடிதமும் எழுதாமல், "வழக்கமில்லீங்களே" என்ற ஒரு சொல்லாலேயே நிறுத்தி விட்டார்கள். யாருடைய கட்டுப்பாடு கெட்டியானது என்று நீங்களே சொல்லுங்கள்.

தோழர்களே! இப்போது கணக்குப் பாருங்கள். தோல் என்றால் தீட்டு என்றார்கள். மண் என்றால் கை நோகும் என்றார்கள். பிளாஸ்டிக் என்றால் வழக்கமில்லை என்றார்கள். அமெரிக்காவில் போதாது என்றார்கள். காஷ்மீரத்தில் பாவம் என்றார்கள். கொட்டு மாறுகின்றது, ஊர் மாறுகின்றது, மதம் மாறுகின்றது, சொல்லுகின்ற சாக்கும் மாறுகின்றது. ஆனால் முடிவு மாத்திரம் ஒன்றாகவே இருக்கின்றது. வியாதிக்கு ஏற்ற மருந்து கொடுக்கின்றவன் வைத்தியன். எல்லா வியாதிக்கும் ஒரே பொடியைக் கொடுத்து விட்டுக் காரணத்தை மாத்திரம் மாற்றி மாற்றிச் சொல்லுகின்றவனுக்கு என்ன பெயர்?

அப்படியானால் உண்மையான காரணந்தான் என்ன? நமக்குத் தெரிந்த மட்டில் அது ஒன்றே. பாடுகின்றவள் தாளத்துக்கு அடங்க வேண்டும். ஆடுகின்றவள் தாளத்துக்கு அடங்க வேண்டும். கொட்டுகின்றவன் ஒருவன்தான் உத்தரவு போடுகின்றவன். அவன் வேகம் கூட்டினால் அத்தனை பேரும் வேகம் கூட்ட வேண்டும்; அவன் நிறுத்தினால் அத்தனை பேரும் நிற்க வேண்டும். பெண்ணுக்குப் பாட்டையும் ஆட்டத்தையும் விட்டுக் கொடுத்த ஆண் இந்த ஒன்றை மாத்திரம் விட்டுக் கொடுக்காமல் பிடித்துக் கொண்டிருப்பதன் இரகசியம் இதுதான். ஆண்கள் ஆட, பெண் தாளம் போடுவதா என்பதுதான் அவர்களுடைய வயிற்றெரிச்சல். தீட்டும் கர்ப்பப்பையும் அந்த வயிற்றெரிச்சலுக்குப் போர்த்திய போர்வைகள்.

இதற்கு வெளியூர் அத்தாட்சி வேண்டாம். நமது கொங்கு நாட்டு வள்ளி ஒயில் கும்மியே போதும். வள்ளியின் கதையைப் பாடி ஆடுகின்ற இந்தக் கும்மி வெகு காலம் ஆண்களுடைய ஆட்டமாகவே இருந்தது. கதாநாயகி பெண், ஆடுகின்றவர்கள் மாத்திரம் ஆண்கள்! கோயமுத்தூர் ஜில்லாவைச் சேர்ந்த பத்திரப்பன் என்ற பெரியவர் அந்த வழக்கத்தை உடைத்துப் பெண்களுக்கும் அதைச் சொல்லிக் கொடுத்தார். அந்தப் பெரியவருக்கு 2024-ல் பத்மஸ்ரீ பட்டம் கொடுக்கப்பட்டது. இன்று ஊருக்கு ஊர் பெண்கள் நூற்றுக்கணக்கில் ஒரே நிறச் சேலை கட்டி ஆடுகின்றார்கள்; ஊரார் பெருமையோடு படம் பிடிக்கின்றார்கள். "வழக்கமில்லீங்களே" என்ற சொல் அங்கே எங்கே போயிற்று? ஒரு மனிதர் துணிந்து ஆரம்பித்தால் வழக்கம் தானே வந்து சேர்ந்து கொள்ளுகின்றது என்பதற்கு இதை விட ருசு வேண்டுமா? ஆனாலும் மைதானத்தின் ஓரத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். ஆட்டம் பெண்களுடையது, கொட்டு பெரும்பாலும் ஆண்களுடையது. ஜமாப் ஆனாலும் துடும்பு ஆனாலும் உருமி ஆனாலும் கதை அதுதான். பாதி வேலிதான் விழுந்திருக்கின்றது. மீதிப் பாதி நிற்கின்றது.

இங்கே ஒரு ஆட்சேபனை நியாயமாகவே எழும். "பறையடிப்பது ஒரு ஜாதியின்மேல் சுமத்திய அடிமைத் தொழிலல்லவா? சாவுக்கு அடி, சாமிக்கு அடி, கூப்பிட்டபோது வந்து அடி, கூலி கேட்காமல் அடி என்று வைத்த இழிவல்லவா? அதை வேண்டாமென்று வீசி எறிகின்ற காலத்தில் பெண்கள் கையில் கொட்டைக் கொடுப்பானேன்?" என்று தாழ்த்தப்பட்ட தோழர்கள் சிலர் கேட்கின்றார்கள். கேட்பது முழு நியாயம். ஒருவன் பிறந்த ஜாதிக்காக, அவன் இஷ்டமில்லாமல், கொட்டைக் கழுத்தில் மாட்டுவது அயோக்கியத்தனம். அதை மறுக்கின்றவனோடு நாம் நிற்கின்றோம். ஆனால் இழிவு எதிலிருந்தது? கொட்டிலா, கட்டாயத்திலா? கட்டாயப்படுத்தி அடிக்கச் செய்வதும், ஆசைப்பட்டு அடிப்பவளை அடிக்காதே என்பதும் ஒரே கையினால் பிடித்த இரண்டு சாட்டைகள். ஒன்று ஜாதியின் பேரால். மற்றொன்று பெண் பிறப்பின் பேரால். இரண்டையும் சேர்த்துத்தான் முறிக்க வேண்டும்.

அதைச் செய்தும் காட்டியிருக்கின்றார்கள். திண்டுக்கல்லில் சந்திரா என்ற கன்னியாஸ்திரீ 1990-ல் சக்தி கலைக் குழு என்ற ஒன்றை ஆரம்பித்து, தாழ்த்தப்பட்ட வகுப்பு இளம் பெண்களுக்குப் பறை கற்பித்து மேடையேற்றினார். எந்தப் பறையைச் சொல்லி அந்தப் பெண்களின் வகுப்பை ஊரார் இழித்தார்களோ, அந்தப் பறையை அவர்களே தலை நிமிர்ந்து அடிக்க, அதே ஊரார் எதிரில் உட்கார்ந்து கேட்டார்கள். ஆரம்பித்தவர் கன்னியாஸ்திரீயாயிருந்தாலென்ன, யாராயிருந்தாலென்ன? செய்த காரியம் நல்ல காரியம். கடவுளை நம்புகின்ற ஒருவர் இவ்வளவு செய்திருக்க, ஒன்றையும் நம்பாத பகுத்தறிவுவாதிகள் என்று மார் தட்டிக் கொள்ளுகின்ற நாம் நம் வீட்டு டிரம்ஸை வண்டியேற்றி அனுப்புவதா? வெட்கமாயில்லையா?

கடைசியாக நமது நண்பருக்கு. அவர் இதைப் படிப்பார் என்று நமக்குத் தெரியும். படித்து விட்டுக் கோபித்துக் கொள்ளுவார் என்பதும் தெரியும். தம்பி! ஜோசியனை வாசற்படி ஏற விடாத நீர், ஜோசியனுக்கும் பெரிய ஜோசியனான 'ஊர் வாயை' நடு வீட்டில் நாற்காலி போட்டு உட்கார வைத்து விட்டீர். திருமணத்துக்கு முன்பே கொட்டை விற்கச் சொன்ன வீடு, திருமணத்துக்குப் பின்பு உம்முடைய மகளிடம் இன்னும் எதையெதை விற்கச் சொல்லும் என்று ஒரு இரவாவது உட்கார்ந்து யோசித்தீரா? இஞ்சினீயரிங் படித்தவளின் சம்பளம் அவர்களுக்கு வேண்டும். அவளுடைய சந்தோஷம் வேண்டாம். அப்படிப்பட்ட வரனை "போய் வாருங்கள்" என்று சொல்லுவதற்கு மேடை வேண்டியதில்லை; கொஞ்சம் மானம் இருந்தால் போதும்.

மற்றத் தோழர்களுக்கும் இதையே சொல்லுகின்றோம். உங்கள் வீட்டுப் பெண் குழந்தை பாத்திரத்தைக் கவிழ்த்துப் போட்டுத் தட்டினால் கையைப் பிடிக்காதீர்கள். நல்ல ஆசானிடம் கொண்டு போய் விடுங்கள். கோயமுத்தூரிலேயே ஆண் பெண் பேதமில்லாமல் பறை சொல்லிக் கொடுக்கின்ற இளைஞர்கள் இருக்கின்றார்கள். உங்கள் வீட்டுத் திருமணத்துக்குக் கொட்டு வைப்பதானால், பெண்களும் அடிக்கின்ற குழுவாகத் தேடிப் பிடித்துக் கூப்பிடுங்கள். ஆண்களுக்குக் கொடுக்கின்ற கூலியையே அவர்களுக்கும் கொடுங்கள். "வழக்கமில்லீங்களே" என்று யாராவது சொன்னால், "இன்று முதல் வழக்கங்க" என்று பதில் சொல்லுங்கள்.

விற்ற டிரம்ஸை வாங்கினவர் உடுமலைப்பேட்டையில்தான் இருக்கின்றாராம்; விசாரித்து வைத்திருக்கின்றோம். திருப்பி வாங்குவதற்குப் பணம் குறைந்தால் நாமும் பங்கு போடத் தயார். வண்டி வாடகையை மாத்திரம் நமது நண்பர் கொடுக்க வேண்டுமாய்க் கேட்டுக் கொள்ளுகின்றோம்.